கிளி வீட்டுச் சாட்சி

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. கறிக்கடையில் தராசு முள் ஓய்ந்து நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டேன். பாலவனத்தம் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறையைப் பிறகு தருகிறேன் என்று சொன்னால், இறங்கும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது ஒரு வியாதி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, நூல் கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்கியே வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் படம், ஜெராக்ஸ், லேமினேஷன், எப்போதாவது கல்யாணம், காதுகுத்து. செல்போன் வந்தபிறகு ஊரில் எல்லாருமே போட்டோகிராபர்கள்தான். கேமரா பையிலேயே கிடக்கிறதே என்ற வயிற்றெரிச்சலில், இணையத்தில் படம் விற்றுத் தருகிற ஒரு தளத்தில் சேர்ந்தேன். படத்தை ஏற்றி வைத்துவிட வேண்டியது. உலகத்தில் எவருக்காவது தேவைப்பட்டால் அதைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிக்கொள்வார்கள். படம் நம்முடையதாகவே இருக்கும். வித்த பிறகும் சரக்கு நம்மிடமே இருக்குமா, இது என்ன வியாபாரம் என்று வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். அந்த நக்கலை என்னால் தமிழில் கொண்டுவர முடியாது.

எனக்கும் சந்தேகம் இருந்தது. அதனால் விதிகளை ஒரு வரி விடாமல் படித்தேன். படம் இரண்டு வகையாம். செய்திக்கும் பாடப்புத்தகத்துக்கும் போவது ஒன்று. அதற்கு யாரிடமும் கையெழுத்து வேண்டாம், ஆனால் விளம்பரத்தில் போடக் கூடாது. விளம்பரத்துக்குப் போவது இன்னொன்று. அதில் அடையாளம் தெரிகிற முகம் இருந்தால் அந்த ஆளின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அடையாளம் தெரிகிற தனியார் கட்டடம் இருந்தால் அதன் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். ஊரே கூரை கூரையாகத் தெரிந்தால் பரவாயில்லை. ஒரு வீடு மட்டும் நடுவில் தூக்கலாக நின்றால் அது அந்த வீட்டின் படம்.

அடிபட்டுத்தான் இதெல்லாம் மண்டையில் ஏறியது. பஸ் ஸ்டாண்டை எடுத்து அனுப்பினேன், கடைப் பலகையில் கம்பெனி முத்திரை தெரிகிறது என்று திருப்பிவிட்டார்கள். திருச்சுழிக் கோபுரத்தை எடுத்தேன். கோயிலுக்கு யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது, சாமியிடமா? செய்திக்கு மட்டும் என்று போட்டுவிட்டேன். திருச்சுழி ரோட்டில் கருவேலங்காட்டு ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரை எடுத்தேன். அருமையான முகம். படத்தைக் காட்டியபோது சிரித்தார். கையெழுத்து என்று வாயைத் திறந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ஏத்தா, என்னத்துக்குக் கையெழுத்து? என் பேர்ல லோனு எதுவும் எடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மனிதர்களை முதுகுப் பக்கமாகத்தான் எடுக்கிறேன்.

கிளி வீட்டுப் படத்தை ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன். தாலி கட்டி முடிந்து எல்லாரும் பந்திக்குப் போயிருந்தார்கள். மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் வேடிக்கை காட்டிவிட்டுப் போகிற மேகம்தான். அதன் முன்னால் ஊர்க்கூரைகள், தெருவோரம் காயப்போட்ட சிவப்புச் சாயநூல், நடுவில் அந்தப் பழைய வீடு. பச்சை மரத்தூண் வைத்த மாடி முகப்பு, கைப்பிடிச் சுவரின் இரண்டு மூலையிலும் சுதையில் செய்த கிளிகள். ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்து வீடு அது. ஊரில் யாருக்கு வழி சொன்னாலும் கிளி வீட்டுக்கு எதிரே, கிளி வீட்டுக்கு அடுத்து என்றுதான் சொல்வோம்.

செய்திக்கு மட்டும் என்று ஏற்றி வைத்திருந்தேன். சில மாதம் கழித்து அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பெயின்ட் விளம்பரம் ஒன்றுக்கு அந்தப் படம் வேண்டும், வீட்டின் சொந்தக்காரரிடம் வாங்கிய சம்மதப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். ஏமாற்றுக்காரன் எவனோ என்று முதலில் அழிக்கத்தான் போனேன். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். வங்கி எண் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. நிஜம்தான். நான் எடுத்த படம் விளம்பரத்தில் வரப்போகிறது என்று எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

பத்திரத்தை அச்செடுத்து, ஆங்கில வரிகளுக்குக் கீழே பென்சிலால் தமிழில் எழுதினேன். 'கீழ்க்கண்ட கட்டடத்தின் உரிமையாளராகிய நான், அல்லது உரிமையாளர் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்ற நான்' என்று தொடங்கும். அடியில் பெயர், கையெழுத்து, சாட்சி. அதை எடுத்துக்கொண்டு பங்குனி வெயிலில் கிளி வீட்டுக்குப் போனேன்.

அங்கே ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார்கள். புருஷன் இறந்தபிறகு பிறந்த வீட்டுக்கு வந்தவர்கள், தகப்பனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்கள். இப்போது ஒரு கடைக்காக மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக் கொடுக்கிறார்கள். நான் போனபோதும் முற்றத்தில் சாக்கை விரித்துக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே எனக்குத் தும்மல் வந்தது.

"போட்டோக்கடைப் புள்ளையா? வா, உக்காரு. மோர் குடிக்கிறியா?"

"வேணாம் பெரியம்மா. இப்பத்தான் குடிச்சுட்டு வாரேன்" என்றேன். பொய். நாக்கு வறண்டு கிடந்தது. ஒரு வீட்டில் வாயை நனைத்துவிட்டால் பிறகு பேரம் பேச முடியாது என்பது என் கணக்கு.

படத்தைக் காட்டினேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கிளியைப் பார்க்கவில்லை, மாடியில் துணி காய்கிற கொடியைப் பார்த்தார்கள்.

"இது என் சேலைதான. எப்ப எடுத்த?"

"மண்டபத்து மாடியில இருந்து பெரியம்மா. ஒரு கல்யாணத்துக்கு வந்தப்ப."

"எடுக்கையில கேட்டியா?"

"இல்ல."

"எடுக்கையில கேக்கல. இப்ப என்னத்துக்குக் கேக்குற?"

செய்தி, விளம்பரம், விதி எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பத்திரத்தை வாங்கி, என் பென்சில் எழுத்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்கள். உரிமையாளர் என்ற சொல்லில் விரல் நின்றது.

"இதுல நான் போட முடியாது தாயி. வீடு எங்கப்பா பேர்லதான் இருக்கு. அவுக போன பிறகு இன்னும் பங்கு பிரிக்கல. தம்பி இருக்கான். ஓனருன்னு நான் போட்டா பொய்யி."

"அதிகாரம் பெற்றவர்னு போடலாமே பெரியம்மா."

"யாரு குடுத்த அதிகாரம்?" என்றார்கள். பிறகு அடிப்பக்கத்தைக் காட்டினார்கள். "இங்க பாரு, கையெழுத்துக்குக் கீழ எம்புட்டு வெத்து இடம் விட்டிருக்காக. இதுல பின்னாடி யாரும் எதையும் எழுதிக்கிறலாம். எங்கப்பா கடையில வெத்து இடம் இருந்தா குறுக்க கோடு கிழிச்சுட்டுத்தான் காயிதத்தக் கையவிட்டுக் குடுப்பாக. எனக்கு இந்த வீட்ட விட்டா நிக்க வேற இடம் இல்ல. பேப்பருன்னாலே பயமா இருக்கு. நீ வச்சுட்டுப் போ, படிச்ச ஆளு யாருகிட்டயாச்சும் காட்டிட்டுச் சொல்றேன்."

நான் வைத்துவிட்டு வரவில்லை. யாரிடம் காட்டுவார்கள், அந்த ஆள் இதில் எவ்வளவு வரும் என்று கிளப்பிவிடுவானோ என்று எனக்குச் சந்தேகம். பங்கு பிரிக்கவில்லை என்று சொன்னதையும் நான் நம்பவில்லை. காசு கேட்பதற்கு அடிபோடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண் தன் வீட்டைப் பற்றி இத்தனை தெளிவாகச் சொல்கிறாள், அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நானும் ஒரு பெண்தான்.

அவர்கள் தம்பி ஊரிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அண்ணாச்சி. வாளி, கயிறு, பைப்பு, பெயின்ட் டப்பா என்று கடை நிறையச் சரக்கு. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்துவிட்டார். உடைத்த சோடாவை எப்படி வேண்டாம் என்பது? குடித்தேன்.

"அக்கா போட மாட்டேன்னுட்டாகளா? அவுகளுக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? அவுகளுக்குச் சேர வேண்டியத எங்கப்பா கல்யாணத்திலயே நகையா செஞ்சு போட்டுட்டாக. பாவம்னு நான்தான் இருக்க விட்டிருக்கேன். குடு தங்கச்சி, நான் போடுறேன்."

பத்திரத்தை இரண்டு தடவை வாசித்தார். படத்தை நீட்டினேன், பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். தன் வீடு விளம்பரத்தில் வரப்போகிறது என்றால் எவரும் படத்தைத்தான் பார்ப்பார்கள். இவர் பத்திரத்தைப் பார்த்தார். அதையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, படித்த மனுஷர், பொறுப்பாக வாசிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு கல்லாவிலிருந்து ஸ்கேலை எடுத்தார். 'அல்லது உரிமையாளர் சார்பில்' என்று வருகிற பகுதியை நேர்கோடாக அடித்தார். 'உரிமையாளராகிய நான்' மட்டும் மிஞ்சியது. கட்டடத்தின் விவரத்தில் கதவு எண்ணைச் சொல்லி, முழு வீடும் என்று என்னை எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டு, கீழே இருந்த வெற்றிடத்துக்குக் குறுக்கே கோடு கிழித்தார். ஒரே தகப்பன் கடையில் பழகிய பிள்ளைகள்தான் என்று எனக்கு அதில் ஒரு நம்பிக்கை வேறு வந்தது.

"சாட்சி யாரு?" என்றேன்.

"நீதான் நிக்கிறியே தங்கச்சி."

போட்டேன். ஸ்டுடியோ முத்திரை பையில் இருந்தது, அதையும் குத்தினேன். படத்துக்கு எதுவும் வேண்டாம், இதில் ஒரு ஜெராக்ஸ் மட்டும் கொடு என்றார். எதுவுமே கேட்காத மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊரையே சந்தேகப்படுகிறவளுக்கு, அந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் வரவில்லை. அன்றே நல்ல தாளில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படம் போனது. வீட்டுக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். ஒரு மாதம் நான் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் இருந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் பெரியம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். கையில் மஞ்சள் பை. சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை, எல்லாரையும் போல வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள்.

"இதுல ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடு தாயி."

கண்ணாடி மேல் வைக்கும்போது என் முத்திரையைப் பார்த்தேன். பிறகு என் கையெழுத்தை. பிறகு என் கையால் எழுதிய 'முழு வீடும்'. மிஷின் மூடியைத் திறந்தபடியே நின்றுவிட்டேன்.

"இது எப்படிப் பெரியம்மா உங்ககிட்ட?"

"வீட்டு வரியில பேரு மாத்தணும்னு தம்பி நகராட்சியில எழுதிக் குடுத்திருக்கான். ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னு எனக்கு நோட்டீஸ் வந்துச்சு. போயிக் கேட்டேன். அவன் வச்ச காயிதத்தையெல்லாம் காட்டுனாக. அதுல இதுவும் இருந்துச்சு." என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்கள். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். உன் பேர மட்டும் சட்டுன்னு வாசிச்சுட்டேன். எங்க வீட்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு சாட்சி போட்ட?"

நான் என்னென்னவோ சொன்னேன். கையெழுத்துப் போட்டதற்குத்தான் சாட்சி, சொத்துக்குச் சாட்சி இல்லை என்றேன். பின்னால் ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"உன்கிட்ட நான் சொன்னேன்ல, இன்னும் பங்கு பிரிக்கலன்னு? சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்ப நான் சொன்னது பொய்யின்னு நீயா முடிவு கட்டிட்டே."

எனக்கு ஆத்திரம் வந்தால் தெலுங்குதான் வரும். அன்றைக்கு வந்த ஆத்திரம் முழுக்க என் மேல்தான். இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதற்குரிய சில்லறையை மேசையில் வைத்துவிட்டு, நான் வேண்டாம் என்று சொல்வதைக் காதில் வாங்காமல் அவர்கள் நடந்தார்கள். கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

நகராட்சி அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகவே கேட்டார்கள். போட்டோவுக்காகப் போட்ட தாளைப் பார்த்து அந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத மட்டும் வச்சு இங்க எதுவும் மாத்த மாட்டோம்மா. ஆனா நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா இதுவும் ஒரு காயிதம்தான். சொந்தக்காரருன்னு அவர் போட்டிருக்காரு, ஆமான்னு நீங்க சாட்சி போட்டிருக்கீங்க. நீங்கதான் எழுத்துல சொல்லணும்."

எழுதினேன். படம் விற்பதற்கான சம்மதத்துக்கு மட்டுமே சாட்சி போட்டேன், அந்த வீட்டின் உரிமை பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அதில் குடியிருக்கும் அம்மா இன்னும் பாகம் பிரிக்கவில்லை என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் அதை நம்பவில்லை. கடைசி வரி தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். இருக்கட்டும் என்றேன். பெரியம்மா மஞ்சள் பையிலிருந்து தகப்பனார் பெயரில் வருடா வருடம் தாமே கட்டிய வரி ரசீதுகளை எடுத்து அடுக்கினார்கள். ஒரு வருடம்கூட விடுபடவில்லை. பெயர் மாற்றம் அப்போதைக்கு நின்றது. பாகம் பிரித்துக்கொண்டு வாருங்கள் என்று இரண்டு பேருக்கும் எழுதிவிட்டார்கள். அண்ணாச்சி அதன்பிறகு என்னை ரோட்டில் பார்த்தால் வண்டியை முறுக்கிக்கொண்டு போகிறார்.

அந்தத் தளத்துக்கும் எழுதினேன். சம்மதம் செல்லாது, படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். புதிதாக யாருக்கும் விற்க மாட்டோம், ஏற்கெனவே வாங்கியவர்கள் முடிவை அவர்களிடமே கேட்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. மதுரை போகிற வழியில் பெரிய பலகையில் பார்த்தேன். வீட்டுக்குக் கணினியில் ரோஸ் நிறம் அடித்திருந்தார்கள். உடைந்த கிளிக்கு மூக்கு வைத்திருந்தார்கள். கொடியில் சேலை இல்லை, துடைத்து எடுத்திருந்தார்கள். பஸ் தாண்டிப் போகும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் அவர்களே ஆள் விட்டார்கள். பாகம் பிரிக்கப் போட்டிருக்கிற வழக்குக்கு வேண்டும், வீட்டில் குடியிருப்பது தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று வக்கீல் கேட்டாராம். கேமராவோடு போனேன். அடுப்படியில் அவர்கள் நிற்க ஒன்று, முற்றத்தில் மிளகாய்ச் சாக்கோடு ஒன்று, தெருவிலிருந்து கிளி இரண்டும் தெரிய, வாசற்படியில் அவர்கள் நிற்க ஒன்று. கொடியில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்து எடுத்தேன். முகத்தை நேருக்கு நேர் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார்கள். வாசற்படிப் படத்தைக் குப்புறத் திருப்பித் தரையில் வைத்து, பேனாவை என்னிடம் நீட்டினார்கள்.

"எழுது. இந்தப் படத்த யாருக்கும் குடுக்க மாட்டேன், விக்க மாட்டேன்னு எழுது. உன் பேரும் போடு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கி உதட்டை அசைத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள். என் கையெழுத்துக்குக் கீழே நாலு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. பேனாவை வாங்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அவர்களே கோடு கிழித்தார்கள். டிரங்குப் பெட்டியில் வரி ரசீதுகளுக்கு மேலே வைத்துப் பூட்டிவிட்டு, திரும்ப வந்து மிளகாய் கிள்ள உட்கார்ந்தார்கள்.

"போயிட்டு வாரேன் பெரியம்மா" என்றேன்.

"ம்."

வெயில் உச்சியில் நின்றது. முற்றத்து மாடத்தில் மோர்ச்சட்டி தட்டுப்போட்டு மூடியிருந்தது. குடிக்கிறியா என்று அவர்கள் கேட்டிருந்தால் குடித்திருப்பேன். கேட்கவில்லை.